திருவதிகையில் ஒரு பிணியாளர்: சேக்கிழார் காட்டும் நோய்ப்பணியும் இற்றைச் செவிலியர் கல்வியும்

இலக்கியத் திறனாய்வு ஏட்டில் தொடங்கி ஏட்டிலேயே முடிதல் வேண்டும் என்னும் வரையறை யாண்டும் இல்லை. ஒரு நூற்பகுதியின் சொல்லும் பொருளும் அணியும் காண்டல் போலவே, அப்பகுதி இற்றை வாழ்வில் எவர்க்குப் பயன்படும், எவ்வளவிற் பயன்படும், எவ்வெல்லையிற் பயன்படாது நிற்கும் என ஆராய்தலும் திறனாய்வின் பாற்பட்டதே. இக்கருத்துப்பற்றி, பெரியபுராணத்துத் திருநாவுக்கரசர் புராணத்தில் வரும் சூலைநோய்ப் பகுதியைச் செவிலியர் கல்வியோடு பொருத்திக் காண்டல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொருத்தம் யாது எனின், கூறுவாம். நோயுற்றார் ஒருவர், அவரைச் சூழ்ந்து தமக்குத் தெரிந்த முறையிற் பணிசெய்து கைவிட்ட ஒரு சமயத்தார், வேறொரு சமயத்தில் நின்று அவரை ஏற்ற தமக்கையார், இருசாரார்க்கும் இடையே இருபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட இரவுவழி. நோயாளரும் நோய்ப்பணி செய்வாரும் வெவ்வேறு நம்பிக்கையினராக இருக்குங்கால் நிகழ்வது யாது என்னும் வினாவை இப்பகுதி தெளிவாக எழுப்புகின்றது. இவ்வினாவே இன்று செவிலியர் கல்வியில் 'பண்பாட்டுத் தேர்ச்சி' என்னும் பெயரால் ஆராயப்படுவது. திலகவதியாரைத் தொண்டின் வடிவமாகப் போற்றுதல் சைவ உலகின் நெடுநாள் மரபு. அவரை அவ்வாறே எடுத்துச் செவிலி மாணவியர்க்கு முன்மாதிரியாகக் காட்டலாமா, அன்றி அவர் வரலாற்றை வேறொரு வகையிற் கற்பித்தல் வேண்டுமா என்பதே ஈண்டு எழும் சிக்கல்.

பண்பாட்டுத் தேர்ச்சி

பண்பாட்டுத் தேர்ச்சியாவது, பிணியாளரின் மொழி, சமயம், உணவு, குடும்ப வழக்கம், நோய்பற்றிய நம்பிக்கை ஆகியவற்றை உணர்ந்து, அவற்றிற்கு ஏற்பத் தம் பணியை அமைத்துக்கொள்ளும் ஆற்றல். இத்துறைக்கு அடிகோலியவர் அமெரிக்கச் செவிலியரும் மானிடவியல் அறிஞருமாகிய மேடலின் லைனிங்கர் (1925-2012). 1950களில் குழந்தைகளுக்குரிய மனநல இல்லம் ஒன்றிற் பணியாற்றியபோது, வெவ்வேறு குடும்பப் பின்னணியினின்று வந்த சிறார், ஒரேவகைப் பரிவை வெவ்வேறு வகையாக ஏற்றலை அவர் கண்டார். பின்னர் நியூகினி மலைநாட்டுக் காட்சப் மக்களிடையே தங்கி ஆய்ந்தார். 1974-இல் பண்பாடு கடந்த செவிலியத்திற்கென ஒரு கழகம் தோன்றுவதற்கும் அவரே காரணர். செவிலியர் செய்யத்தக்கனவாக அவர் வகுத்தவை மூன்று: பிணியாளரின் வழக்கம் நன்றாயின் அதனைக் காத்தல்; மருத்துவத்தோடு அது மாறுபடுமாயின் இருபாலும் இசையுமாறு பொருத்துதல்; அது தீங்கு பயக்குமாயின், பிணியாளரின் உடன்பாட்டோடு மாற்றியமைத்தல்.

இந்தியாவில் செவிலியர் கல்வியை நெறிப்படுத்துவது 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த இந்தியச் செவிலியர் மன்றம். 2021-இல் அது திருத்தி வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டத்தில் பயன்முறைச் சமூகவியலும் உளவியலும் முதலாண்டிலேயே இடம்பெறுகின்றன. ஆங்கில உரையாடற் பயிற்சியும் உளது. ஆயின் மாணவி நாடோறும் எதிர்கொள்ளும் மக்கள் யாவர்? கடலூர், சிதம்பரம் பகுதி மருத்துவமனைகளை நாடி வருவோரைக் கருதுக. பரங்கிப்பேட்டை இசுலாமியப் பெண்டிர், தேவனாம்பட்டினத்து மீனவர், நெய்வேலிச் சுரங்கத் தொழிலாளர், பண்ருட்டி முந்திரித் தோப்புக் கூலிகள் என இவர்கள் பலதிறத்தர். இவர்தம் நோவைக் கேட்டறியும் மொழி தமிழே. ஆதலின் இச்சிக்கல் தமிழ்த்துறைக்குப் புறம்பானதன்று. அண்ணாமலை நகரில் தமிழாராய்ச்சியும், இராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரியும் ஓரூரிலேயே வளர்ந்தன என்பதும் நினைவுகூரத்தக்கது.

குறளின் உழைச்செல்வானும் சங்கச் செவிலியும்

நோய்ப்பணி செய்வாரைக் குறிக்கும் பழஞ்சொற்கள் இரண்டனை முதற்கண் நோக்குவாம். திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, அதனைப் பக்கத்திருந்து இயற்றுவோன் என நால்வகையாக மருத்துவத்தைப் பகுத்தார். நான்காமவனே உழைச்செல்வான். அவனுக்குரியனவாகப் பரிமேலழகர் நான்கு பண்புகளை எடுத்துரைப்பர்: நோயாளனிடத்து அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவு என்பன அவை. சரக சங்கிதை பணியாளனுக்குக் கூறும் பணியறிவு, திறமை, அன்பு, தூய்மை என்னும் நான்கனோடு இவை பெரிதும் ஒத்தல் காணலாம்.

இதற்கு முந்தைய குறள், நோயாளனின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் நோக்கிச் செய்க என மருத்துவனுக்கு விதிக்கின்றது. நோயாளனின் அளவு என்பதற்குப் பரிமேலழகர் உடற்கூற்றின் இயல்பு, பருவம், வேதனை, வலிமை என்றாற்போலப் பொருள் கொள்வர். இவ்வுரை செம்மையானதே. ஆயினும் ஈண்டு அளக்கப்படுவது உடல். அவ்வுடலினுள் வாழும் மனிதனின் உலகம் அளவைக்குள் வந்திலது. அவன் எதனை நோயெனக் கருதுகின்றான், எவர் கையால் மருந்துண்ண உடன்படுவான், எதனை உண்ண மறுப்பான் என்னும் கேள்விகள் உரைக்கு வெளியே நிற்கின்றன. குறளின் சொல்லோ இவற்றையும் தன்னகத்து அடக்கும் விரிவுடையது.

மற்றொரு சொல் செவிலி என்பது. இற்றை நாளில் மருத்துவமனைப் பணியாளரைக் குறிக்கும் இச்சொல், சங்க இலக்கியத்தில் தலைவியை வளர்த்த தாயைக் குறிக்கும். அன்பிற்கு அவளினும் மேம்பட்டார் இலர். எனினும் தலைவியின் மெலிவை முருகனால் வந்த வருத்தம் எனப் பிறழவுணர்ந்து வேலனை அழைப்போருள் அவளும் ஒருத்தி. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும், அத்தகைய செவிலிக்குத் தோழி உண்மையை எடுத்துரைக்கும் கூற்றாகவே அமைந்துள்ளது. நோயின் காரணத்தை அறிந்தவள் வளர்த்தவள் அல்லள், உடனிருந்து கேட்டவளே. அன்பு நிரம்பியிருந்தும், தான் முன்னரே கொண்ட விளக்கத்தை நோயாளர்மேல் ஏற்றியமையால் செவிலி தவறினாள். செவிலியர் என்னும் பெயரைச் சூட்டியவர் இதனைக் கருதினாரல்லர்; ஆயினும் அப்பெயர் ஓர் எச்சரிக்கையை உடன்கொண்டே வந்துள்ளது என்பது எம் கருத்து.

திருவதிகை நிகழ்ச்சி

இனிச் சேக்கிழாரின் பகுதிக்கு வருவாம். திருவாமூரிற் பிறந்த மருள்நீக்கியார் பெற்றோரை இழந்தார். தமக்கையார் திலகவதியாரோ தமக்குக் கணவராக உறுதிசெய்யப்பட்ட கலிப்பகையாரையும் போரில் இழந்தார். உயிர்விடத் துணிந்த அவர், தம்பியின்பொருட்டே உயிர்தாங்கினார். ஆகவே நோய் வருமுன்னரே அவர் தம்பிக்குத் தாயாக நின்றவர். தம்பியார் சமண்சமயம் புகுந்து பாடலிபுரத்துப் பள்ளியில் தருமசேனர் என்னும் பெயரோடு உயர்நிலை எய்தினார். பாடலிபுரமாவது இற்றைக் கடலூரின் பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூர். தமக்கையார் கெடிலக்கரைத் திருவதிகையில் வீரட்டானத் திருக்கோயிலை அலகிட்டும் மெழுகியும் மாலை தொடுத்தும் தொண்டுசெய்து வந்தார். தம்பியை மீட்டருளுமாறு இறைவனை வேண்டினார். சூலைநோய் தந்து ஆட்கொள்வோம் என இறைவன் கனவில் உரைத்ததாகப் புராணம் கூறும்.

நோய் வந்தது. பள்ளியில் இருந்தோர் மந்திரித்த நீரை உண்பித்தனர். மயிற்பீலி கொண்டு தடவினர். நோய் தணியாது மிகவே, இத்தகைய கொடுஞ்சூலையைக் கண்டதில்லை, செய்வது யாது என வருந்திக் கைவிட்டனர். அப்பொழுது நோயாளருக்குத் தமக்கையாரின் நினைவு வந்தது. தமக்கு உணவு சமைப்பான் ஒருவனை அவரிடம் விடுத்தார். அவன் திருவதிகை சென்று நந்தவனத்தின் அருகே அம்மையாரைக் கண்டான். அவர் முதற்கண் வினவியது, தீங்கு ஏதேனும் உண்டோ என்பதே. அவன் குடரை முறுக்கும் நோயின் கொடுமையையும், எல்லாரும் கைவிட்டமையையும், உய்யும் வழி வேண்டி இரவில் அழைத்துவரப் பணித்தமையையும் உரைத்தான். அம்மையார், நன்மை அறியாத அமணரின் பள்ளிக்கு உன்னோடு வாரேன் என அவரிடம் சொல்லுக என்றார்.

இம்மறுப்பைக் கேட்ட நோயாளர் தாமே புறப்பட்டார். உடுத்த பாயையும், உறியில் தூக்கிய குண்டிகையையும், பீலியையும் ஒழித்தார், வெள்ளாடை சுற்றினார், கைகொடுப்பாரை ஊன்றிக்கொண்டு பிறர் காணாமே இரவில் திருவதிகை அடைந்து தமக்கையாரின் அடியில் வீழ்ந்தார். வேற்றுச் சமயக் குழியில் அறியாது வீழ்ந்து துயருற்றமையைக் கூறி, எழுமாறு அம்மையார் பணித்தார். அங்ஙனம் கூறுங்கால் இளையவராகிய தம்பியை ஒருமையில் விளியாது, மதிப்புப் பன்மையில் விளித்தமை நோக்கத்தக்கது. பின்னர் ஐந்தெழுத்து ஓதித் திருநீறு அளித்தார். திருப்பள்ளியெழுச்சிப் பொழுதில் தாம் நாடோறும் கொண்டுசெல்லும் அலகும் மெழுகும் தோண்டியும் ஏந்தித் தம்பியையும் உடனழைத்துத் திருக்கோயில் புகுந்தார். அங்குப் பாடிய பதிகத்தோடு நோய் நீங்கியது என்பது வரலாறு.

மறுப்பின் பொருள்

இப்பகுதியின் நடுநாயகமாக நிற்பது அம்மறுப்பு. இதற்கு மூவகையான அமைதி கூறலாம். தவம் பூண்ட பெண்ணொருத்தி ஆடவர் உறையும் பள்ளிக்கு இரவிற் செல்லுதல் தகாது என்பது ஒன்று. நோயாளரே நடந்து வந்தாலன்றிக் கதை நிறைவுறாது என்னும் காப்பிய அமைதி மற்றொன்று. தம் சமயத்தில் உறைத்து நிற்றலே அடியார்க்கு அழகு என்பது மூன்றாவது. இவற்றுள் முதலாவது, நாம் இரங்கிக் கூறும் அமைதியே. சேக்கிழார் அதனை அம்மையாரின் வாயில் வைத்திலர். அவர் வைத்த காரணம் ஒன்றே: அப்பள்ளி நன்றறியாதாரின் இடம் என்பது. ஆகவே கவிஞரின் கருத்தில் இம்மறுப்பு சமய எல்லையைப் பற்றியதே.

இதனைச் செவிலியர் கல்விக்கு அப்படியே கொண்டுவருதல் இயலாது. உன் இடத்திற்கு யான் வாரேன், நீ என் இடத்திற்கு வருக என மருத்துவமனையிற் பணிசெய்வார் கூறுதல் கூடாது. மேலும், பாயும் பீலியும் களைந்த பின்னரே நோயாளர் பணியை அடைகின்றார். தன் அடையாளத்தைக் கழற்றிவைத்தாலன்றி ஒருவர்க்குப் பரிவு கிட்டாதெனில், அவ்விடத்தில் அவர் நோயோடு அச்சத்தையும் சுமப்பவர் ஆவர். இவற்றினும் நுண்ணியதொரு செய்தி உளது. அம்மையாரின் உள்ளத்தில் இந்நோய் இறைவன் திருத்தும்பொருட்டு விடுத்த கருவி. காப்பியத்துள் இஃது அழகுடையது. நோயாளரின் அருகே நிற்பாருக்கு இஃது இடரானது. செய்த வினையின் பயனை அனுபவிக்கின்றாய் என்னும் சொல், இற்றை நோய்விடுதிகளில் கருக்கலைந்த பெண்ணின் காதிலும், குடியால் ஈரல் கெட்டவரின் காதிலும், உறவினர் வாயிலாக விழுவதொன்று. அச்சொல்லைச் செவிலியரும் சொல்லாவிடினும் முகத்தாற் காட்டுவாராயின், நோயாளர் தம் நோயை மறைக்கத் தலைப்படுவர்.

சமணர் பக்கம்

இப்பகுதியைப் பயில்வோர் பிறிதொன்றையும் மறத்தலாகாது. ஈண்டுச் சமணரைப் பற்றி நமக்குச் சொல்பவர் சைவக் காப்பியப் புலவர். அவர் வாழ்ந்ததும் நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, 12-ஆம் நூற்றாண்டில். நோயுற்ற துறவியர்க்குத் தொண்டு செய்தலைச் சமணநூல்கள் அகத்தவங்களுள் ஒன்றாக எண்ணும். உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என்னும் நால்வகைத் தானங்களை அச்சமயம் வற்புறுத்தியது. சிறுபஞ்சமூலம், ஏலாதி என மருந்துகளின் பெயரால் அறநூல் யாத்தோரும் சமணச் சான்றோரே. பாடலிபுரமும் எளிய பள்ளியன்று. உலோகவிபாகம் என்னும் சமணநூல் கி.பி. 458-இல் அங்கு எழுதப்பெற்றதாக அந்நூலே கூறும். ஆகவே மருள்நீக்கியாரைச் சூழ்ந்திருந்தோர் பரிவற்றவர் அல்லர். சேக்கிழாரும் அவர்கள் வருந்தியதை மறைத்திலர். அவர்கள் குறை யாதெனின், தமக்குத் தெரிந்த முறை பயன்படாதபோது, நோயாளர் விரும்புவது யாது என வினவாமையே. சமையற்காரனை விடுத்தவர் நோயாளரே அல்லரோ?

இவ்வெல்லை பழங்கதையாக முடிந்துவிடவில்லை. விழுப்புரம் மாவட்டத்து மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் உளது. அப்பகுதியினின்று வரும் சமண மூதாட்டி ஒருவர் கதிரவன் மறைந்த பின் உண்ணார். கிழங்குவகை கொள்ளார் எனக் கொள்வோம். உணவிற்குப் பின் உட்கொள்ள வேண்டிய மாத்திரையை இரவு எட்டு மணிக்குக் கொடுக்கும் மாணவி, அவர் அதனைத் தலையணையின்கீழ் ஒளித்துவைத்தலைக் கண்டால், பிடிவாதம் எனக் குறித்துச் செல்லலாம்; அன்றி வினவியறிந்து, மருத்துவரைக் கேட்டு, மாலை ஐந்தரை மணிக்கு மாற்றியமைக்கலாம். லைனிங்கர் கூறிய பொருத்துதல் என்பது இதுவே. அறுவைக்கு முன் தாலியைக் கழற்ற மறுக்கும் பெண்ணிடத்தும் இதே நெறிதான்: உலோகத்தைக் கழற்றி மஞ்சட்கயிற்றை இருக்கவிடலாமா என மருத்துவரை வினவுதல், கட்டளையினும் விரைவிற் பயன்தரும்.

காளத்தி மலைக் காட்சி

சேக்கிழாரிடம் எல்லை கடக்கும் பார்வையே இல்லை எனின் அது தவறாகும். கண்ணப்பர் புராணத்தை நோக்குக. ஊனைச் சுவைபார்த்துப் படைத்தும், வாயில் முகந்த நீரால் ஆட்டியும், தலையிற் சூடிய மலரைச் சாத்தியும் வழிபட்ட வேடர் திண்ணனார்; இவற்றைத் தூய்மைக்கேடு எனக் கண்டு நாடோறும் கழுவித் துடைத்தவர் சிவகோசரியார். இறைவன் சிவகோசரியாரிடம் கனவில் தோன்றி, நாளை மறைந்திருந்து அவன் செயலைக் காண்க எனப் பணித்தார். அவர் மறைந்திருந்தார்; கண்ணிற் குருதி கண்ட வேடர் பதைத்தமையும், பச்சிலை தேடிப் பிழிந்தமையும், அது பயன்படாதபோது தம் கண்ணையே இடந்து அப்பியமையும் கண்டார். தாம் மாசெனக் கருதியது அன்பின் வேறோர் மொழியே என அப்பொழுது உணர்ந்தார்.

தீர்ப்பு வழங்குமுன் நின்று காண்க என்னும் இக்கட்டளையே பண்பாட்டுத் தேர்ச்சியின் முதற்படி. இரு புராணங்களையும் ஒப்பிடின் ஓருண்மை புலனாகும். ஒழுக்கமும் வழக்கமும் வேறுபட்டவிடத்துச் சேக்கிழாரின் பார்வை எல்லை கடக்கின்றது. ஏனெனில் வேடரும் வேதியரும் வழிபடும் இறைவன் ஒருவனே. சமயமே வேறுபட்டவிடத்து அப்பார்வை எல்லையில் நின்றுவிடுகின்றது. இதனைப் புலவரின் குறையெனக் கூறோம்; அவர் எழுதியது அடியார் வரலாறு. ஆயினும் செவிலியர் கல்விக்குக் காளத்தியின் பார்வை திருவதிகை வரையிலும் நீளுதல் வேண்டும்.

தீர்ப்போர் யார்?

இனி எதிர்த்தரப்பின் வலிமையான வாதம் ஒன்றனை எடுத்துக்கொள்வாம். அம்மையாரின் பணியை ஏற்றவர் அதனைத் தீங்கெனக் கருதினாரா எனின், இல்லை. திருநாவுக்கரசர் அதனை வாழ்நாள் முழுதும் அருளாகவே போற்றினார். நியூசிலாந்து மாவோரிச் செவிலியராகிய இரிஹபெட்டி ராம்ஸ்டன் 1980களின் இறுதியில் 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்னும் கோட்பாட்டை வகுத்தார். 1990களின் தொடக்கத்தில் அந்நாட்டுச் செவிலியர் கல்வியில் அஃது இடம்பெற்றது. அதன் உயிர்நிலை, பணி பாதுகாப்பானதா என்பதைத் தீர்ப்பவர் பணிசெய்வார் அல்லர், பணியைப் பெறுபவரே என்பது. இவ்வளவுகோலின்படி திலகவதியார் வெற்றிபெற்றவரே ஆவர்.

இவ்வாதத்தை யாம் ஏற்கின்றோம். ஆனால் அதன் காரணத்தையும் உடன் காட்டுவோம். அம்மையார் தம்பியைப் பிறப்பிலிருந்து அறிந்தவர், வளர்த்தவர், அவர் உள்ளத்தின் அடியில் உறைந்தது யாது என உணர்ந்தவர். அவரை நினைந்து ஆள்விடுத்தவரும் நோயாளரே. உடன்பிறந்தார்க்கு உரிய இவ்வறிவு, காலை ஏழு மணிக்குப் பணியேற்று நாற்பது படுக்கைகளைக் காணும் மாணவிக்கு வாய்ப்பதில்லை. உடன்பிறந்தார் வினவாமலே அறிவர். அயலார் வினவித்தான் அறிதல் வேண்டும். எனவே அம்மையாரின் செயலை மாணவியர் பின்பற்றுதல் கூடாதென்பதற்குக் காரணம், அச்செயல் தவறு என்பதன்று; அச்செயலுக்கு உரிமை தந்த அறிவு அவர்களிடம் இல்லை என்பதே.

எல்லை கடவாமையின் விலையை இதே பழைய தென்னார்க்காட்டு மண் பிற்காலத்தும் கண்டது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திண்டிவனத்தில் ஒரே இரவில், பேறுகால வேதனையிலிருந்த மூன்று இளம்பெண்களின் கணவர்மார், மருத்துவரின் மகளாகிய ஐடா ஸ்கடரை அடுத்தடுத்து வந்து அழைத்தனர். அவர்களுள் ஒருவர் இசுலாமியர். ஐடா அப்போது மருத்துவம் பயிலாதவர். அவர் தந்தையார் வர ஒருப்பட்டும், ஆடவர் தீண்டுதல் கூடாதென மூவரும் மறுத்தனர். மூன்று பெண்களும் இறந்தனர். ஐடா மருத்துவம் பயின்று திரும்பி, 1900-இல் வேலூரிற் பணிதொடங்கினார். 1909-இல் செவிலியர் பள்ளியும் 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் அங்கு எழுந்தன. வழக்கத்தை வைது பயனில்லை எனக் கண்டு, வழக்கம் ஏற்கும் கைகளை உருவாக்கியமையே அவர் செய்த செயல். திருவதிகையில் பணிசெய்வார் வர மறுத்தார். திண்டிவனத்திற் பணியை ஏற்பார் மறுத்தனர். இரண்டிடத்தும் எல்லைக்கு நடுவே கிடந்தது நோயுற்ற ஓர் உடல்.

நோவின் சொற்கள்

இதுகாறும் கூறியவற்றால், வினவுதலே செவிலியரின் முதற்கருவி என்பது பெறப்பட்டது. வினவினால் விடை வரும்; அவ்விடை தமிழில் வரும். அதனை உணரச் சொல்லறிவு வேண்டும். நாவுக்கரசர் திருவதிகையிற் பாடிய முதற் பதிகத்தை நோயாளரின் வாக்குமூலமாகப் பயின்று பார்க்க. துடக்குதல், முடக்குதல், சுடுதல், வலித்தல், பறித்தல், புரட்டுதல், அறுத்தல், ஈர்த்தல் என வயிற்றுநோயை உணர்த்த அவர் ஆளும் வினைகள் பல. ஒவ்வொன்றும் வேறோர் உணர்ச்சி. நோவின் தன்மையை அளக்க 1975-இல் ரொனால்டு மெல்சாக் வெளியிட்ட மெக்கில் வினாநிரலில் 78 சொற்கள் 20 தொகுதிகளாக அடுக்கப்பட்டுள்ளன. அத்தகைய அடுக்கு, ஒரு நோயாளரின் பாட்டாகவே நம்மிடம் ஏழாம் நூற்றாண்டிலிருந்து இருக்கின்றது.

மக்கள் வழக்கும் இதற்குக் குறைந்ததன்று. குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிவு, பிசைவு, இழுப்பு என்பன ஒருபொருட் சொற்கள் அல்ல. நீர்க்கடுப்பு என்பதும் சீதக்கடுப்பு என்பதும் வெவ்வேறு நோய்கள். தூரம் என ஒரு பெண் சொல்வது தொலைவையன்று, மாதவிலக்கை. அம்மை வார்த்திருக்கின்றது எனக் கூறும் வீட்டாரிடம் அதனை நோயென வெடுக்கெனத் திருத்தினால், அடுத்த குழந்தைக்கு வரும்போது அவர்கள் மருத்துவமனையை நாடார். பத்தியம், சூடு, குளிர்ச்சி என்பன உணவுப் பட்டியலில் இல்லாதனவாயினும் உண்பவரின் உள்ளத்தில் உள்ளன. இச்சொற்களை வட்டாரம், சமூகம், பால் என்னும் வேறுபாட்டோடு தொகுத்து, பொருள்வரையறை செய்து, செவிலி மாணவியர் கைக்கு ஏற்ற சிறு அகராதியாக்குதல் தமிழ் முதுநிலை மாணவர் மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும். பேச்சுமொழி ஆய்வும் உரைமரபும் ஒருங்கே பயன்படும் களம் இது.

முடிபு

நோயாளரின் அளவு என வள்ளுவர் கூறியதனை உரையாசிரியர் உடலளவில் விளக்கினார். அச்சொல்லின் எஞ்சிய பொருளைத் திருவதிகைப் பகுதி நமக்கு உணர்த்துகின்றது; அந்நோயாளரின் அளவு அவர் சமயம், தமக்கை, இளமை நினைவு, உடுத்த உடை, நோவைச் சொல்லிய சொல் ஆகிய யாவற்றையும் உள்ளடக்கியது. இதனைக் கற்பிக்குங்கால் திலகவதியாரைச் செவிலியரின் குறையற்ற படிமமாக நிறுத்துதல் அவருக்கும் மதிப்பாகாது, மாணவியர்க்கும் பயனாகாது. அவர் மறுப்பை விளக்குக. அம்மறுப்பிற்குரிய காலத்தையும் காப்பிய நோக்கையும் கூறுக. அது மருத்துவமனைக்கு ஆகாதென்பதையும் மறையாது கூறுக. அதன்பின், அவரிடமிருந்து கொள்ளத்தக்கன இரண்டனைக் கொள்ளச் செய்க. தூதுவனைக் கண்டதும் நோயாளரின் சமயத்தையன்றித் தீங்கையே முதலில் வினவியது ஒன்று. காலடியில் வீழ்ந்த இளையவரையும் மதிப்புப் பன்மையில் எழுப்பியது மற்றொன்று. கடலூர் நோய்விடுதியில் எச்சமயத்தார் படுக்கையின் அருகே நின்றாலும், இவ்விரண்டும் செவிலி மாணவிக்குத் துணையாகும் என்பதே எம் முடிபு.